பயில்வோர்க்கேற்ற சிறு கமரா

ஒரு கருவியை நல்லது என்றோ குறையுடையது என்றோ கூறுமுன், அது யாருக்கு உரியது, எப்பணிக்கு உரியது என்னும் வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். பொற்கொல்லனின் தராசு விறகுகாலைக்கு உதவாது; விறகுகாலையின் தராசு பொற்கொல்லனுக்கு உதவாது. எனினும் இரண்டும் தத்தம் இடத்திற் குறைவற்றவையே. ஒளிப்படக் கருவியாகிய கமராவுக்கும் இவ்விதி பொருந்தும். தொழில்முறைக் கலைஞனின் கமராவை அளக்கும் கோலால், முதன்முறையாகக் கமராவைக் கையிலெடுக்கும் மாணவனின் கருவியை அளத்தல் முறையன்று. ஆயினும், கடைக்குச் செல்லும் மாணவனுக்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பார் அரியர். பெட்டியின்மேற் பெரிதாக அச்சிடப்பட்ட ஓர் எண்ணே அவனுக்கு வழிகாட்டியாகின்றது. அவ்வெண் எதனைக் குறிக்கின்றது, எதனைக் குறிக்கவில்லை என்பதை அறியாது வாங்கியவன், சின்னாளிற் படங்கள் தெளிவற்றிருக்கக் கண்டு, குறை தன் கையிலுள்ளதா கருவியிலுள்ளதா எனத் துணிய முடியாது சோர்வடைகின்றான். அரிதிற் சேர்த்த பணம் வீணாவதோடு, கற்கத் தொடங்கிய கலையும் இடையிற் கைவிடப்படுகின்றது.

ஆதலின், பயில்வோர்க்குரிய சிறு கமராவை எவ்வாறு மதிப்பிடுவது என்பது ஆராயத்தக்க வினாவாகும். பொதுப்படப் பேசுவதினும் ஒரு கமராவை எடுத்துக்கொண்டு அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குதல் தெளிவு தரும். யப்பானின் கனன் நிறுவனம் 2008 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அறிவித்த பவர்சொட் ஏ590 ஐஎஸ் என்னும் கமரா இதற்கு ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 180 டொலர் விலை குறிக்கப்பட்டு, தொடக்கநிலையாளரை நோக்கி விற்கப்பட்ட கருவி அது. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் சென்றுவிட்டன. இன்று கைமாறிய பொருளாகவே கிடைக்கும். எனினும் தன்னினத்தின் நிறைகளும் குறைகளும் ஒருங்கே அமைந்தமையால், ஆய்வுக்குத் தக்க சான்றாக விளங்குகின்றது.

தொடக்கநிலையாளர்க்கென ஒரு கமரா என்னும் எண்ணம் புதியதன்று. 1888 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் என்னும் அமெரிக்கர் விற்பனைக்கு விட்ட கொடாக் கமராவில் 100 படங்களுக்குரிய சுருள் முன்னரே இடப்பட்டிருந்தது. படங்களை எடுத்து முடித்தவர் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்புவர். படங்கள் அங்கே கழுவப்பட்டு, புதிய சுருளுடன் கமரா திரும்பிவரும். அதன் விலை 25 டொலர். 1900 ஆம் ஆண்டில் அந்நிறுவனமே பிரௌனி என்னும் பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்றது. சிறுவரும் படமெடுக்கும் நிலை அன்றே தோன்றிற்று. ஆயினும் சுருள், இரசாயனப் பொருள், அச்சுத்தாள் ஆகியவற்றின் செலவு ஒவ்வொரு படத்துடனும் ஒட்டியே வந்தது. பிழையாக எடுத்த படத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அதனினும் பெரிய தடை, பிழையை அறிவதற்கு நாட்கள் பல சென்றமையாகும். படம் கைக்கு வருகையில், அது எவ்வொளியில் எவ்வமைப்பில் எடுக்கப்பட்டது என்பது மறந்து போயிருக்கும். காரணத்துக்கும் காரியத்துக்குமிடையே நெடுங்காலம் கிடந்தமையால், கற்றல் மெல்லவே நடந்தது.

இத்தடையை நீக்கியது இலக்கமுறைக் கமராவாகும். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும், ஒளியை மின்னேற்றமாக மாற்றிப் படம் பதிதற்கு ஏதுவான சிலிக்கன் சாதனத்தை வகுத்தனர். சி.சி.டி. என வழங்கும் அச்சாதனத்துக்காக 2009 ஆம் ஆண்டுப் பௌதிகவியல் நோபல் பரிசில் அவர்கள் பங்கு பெற்றனர். 1975 இல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், 10,000 படப்புள்ளிகளை மட்டுமே கொண்ட கமராவொன்றை அமைத்தார். ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிப்பதற்கு அதற்கு 23 விநாடிகள் தேவைப்பட்டன. 1995 இல் வெளிவந்த காசியோ கியூவி-10 என்னும் கமராவின் பின்புறத்தே சிறு திரையொன்று அமைந்திருந்தது. எடுத்த படத்தை அக்கணமே காணும் வசதி அதனாற் பொதுமக்கள் கைக்கு எட்டியது. பயில்வோரைப் பொறுத்தவரை, இலக்கமுறை தந்த மிகப் பெரிய நன்மை இதுவே. பிழைக்குச் செலவில்லை, பிழையை அறியக் காத்திருப்பும் இல்லை.

இப்பின்னணியில் ஏ590 கமராவின் உறுப்புக்களை நோக்குவோம். முதலாவதாக, பெட்டியின்மேற் பெரிதாகக் காட்டப்படும் எண். இக்கமரா 80 இலட்சம் படப்புள்ளிகளைப் பதிவுசெய்யும். பிக்சல் என வழங்கும் இப்புள்ளிகள் நீளவாட்டில் 3,264 ஆகவும் அகலவாட்டில் 2,448 ஆகவும் அமைவன. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் நல்ல தரத்தில் அச்சிட்டால், ஏறத்தாழ 11 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்ட படம் கிடைக்கும். சுவரில் மாட்டுவதற்கோ சஞ்சிகையில் ஒரு முழுப் பக்கத்தில் அச்சிடுவதற்கோ இது போதுமானது. புள்ளிகளின் தொகை இரட்டித்தாற் படத்தின் நீள அகலங்களும் இரட்டிக்கும் எனப் பலர் கருதுகின்றனர். அது பிழை. தொகை பரப்பைக் குறிப்பது. ஆதலின் தொகை இரட்டிக்கும்போது பக்கமொன்று 1.4 மடங்காகவே வளரும். பக்கத்தை இரட்டிக்க வேண்டுமாயின் புள்ளிகள் நான்கு மடங்காதல் வேண்டும்.

இனி, இப்புள்ளிகள் எத்துணைப் பரப்பில் அடைக்கப்பட்டுள்ளன என்பதை அறிதல் வேண்டும். இக்கமராவின் ஒளியுணரி 5.76 மில்லிமீற்றர் நீளமும் 4.29 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அதன் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மில்லிமீற்றர். சிறுவிரல் நகத்தினும் சிறியது எனலாம். பழைய 35 மில்லிமீற்றர்ச் சுருளில் ஒரு படத்துக்குரிய பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். அதாவது ஏறத்தாழ 35 மடங்கு பெரியது. 80 இலட்சம் புள்ளிகளும் இச்சிறு பரப்பில் நெருங்கியமையால், ஒரு புள்ளியின் அகலம் 1.8 மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகும். இவ்வளவு நுண்ணிய புள்ளிகளால் விளையும் இடர்கள் இரண்டு.

முதல் இடர் ஒளியின் இயல்பால் வருவது. ஒளி சிறு துவாரத்தினூடே செல்லும்போது நேர்கோட்டிலன்றிச் சற்றே விரிந்து பரவும். இதனைப் பௌதிக நூலார் கோணல் என்பர். இதனால், எத்துணைச் செம்மையான வில்லையும் ஒரு நட்சத்திரத்தை ஒரு புள்ளியாகக் காட்டாது. சிறு வட்டமாகவே காட்டும். அவ்வட்டத்தின் விட்டம், ஒளியின் அலைநீளத்தையும் வில்லையின் எஃப் எண்ணையும் 2.44 ஆற் பெருக்க வருவதாகும். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துப் பெறுவது. எண் சிறிதாயின் துவாரம் பெரிது. ஏ590 கமராவின் துவாரம் முற்றத் திறந்த நிலையில் எஃப் எண் 2.6. பச்சை ஒளியைக் கொண்டு கணக்கிட்டால், அந்நிலையிலேயே ஒளிவட்டம் இரண்டு படப்புள்ளிகளின் அகலத்தைக் கொள்கின்றது. துவாரத்தை எஃப் 8 வரை சுருக்கும்போது வட்டம் ஆறு புள்ளிகளின் அகலத்தை அடைகின்றது. ஆகவே, இப்பரப்பிற் புள்ளிகளை மேன்மேலும் பெருக்குவதால் நுட்பம் பெருகுவதில்லை. மங்கலான ஒரே வட்டம் பல கூறுகளாக அளக்கப்படுகின்றது, அவ்வளவே. பின்னாளில் ஏறத்தாழ இதே அளவான ஒளியுணரிகளில் 160 இலட்சமும் 200 இலட்சமுமாகப் புள்ளிகள் புகுத்தப்பட்டன. அவ்வெண்கள் விற்பனைக்கு உதவிய அளவுக்குப் படத்தின் தெளிவுக்கு உதவவில்லை.

இரண்டாவது இடர் ஒளியின் பற்றாக்குறையால் நேர்வது. ஒளி போட்டன் எனப்படும் துணிக்கைகளாக வந்து சேர்கின்றது. மழைத்துளிகள் எவ்வாறு முற்றத்தின் ஒவ்வோர் ஓட்டின்மீதும் சமனாக விழுவதில்லையோ, அவ்வாறே இத்துணிக்கைகளும் சமனாக வீழ்வதில்லை. ஒரு புள்ளியிற் சராசரியாக 10,000 துணிக்கைகள் வீழுமாயின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100. அது நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. 100 துணிக்கைகள் மட்டும் வீழுமாயின் ஏற்ற இறக்கம் 10. அது பத்தில் ஒரு பங்காகின்றது. சமனான நிறமுடைய சுவர் படத்தில் மணல் தூவியது போலத் தோன்றுவதற்கு இதுவே முதற் காரணம். பெரிய பாத்திரம் மிகுந்த மழைநீரை ஏற்பது போல, பெரிய ஒளியுணரி மிகுந்த ஒளியை ஏற்கின்றது. கனன் நிறுவனமே 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈஓஎஸ் 1000டி என்னும் வில்லை மாற்றக்கூடிய கமரா ஏறத்தாழ 101 இலட்சம் புள்ளிகளை உடையது. எண்ணளவில் அது நான்கில் ஒரு பங்கே மிகுதி. ஆனால் அதன் ஒளியுணரியின் பரப்பு ஏ590 இனதைப் போலப் 13 மடங்கு. இருண்ட இடத்தில் இவ்விரு கமராக்களும் எடுக்கும் படங்கள் பெரிதும் வேறுபடுவதன் காரணம் இப்பரப்பே. பெட்டிமேல் உள்ள எண் இதனைச் சொல்வதில்லை.

எனவே ஏ590 கமராவின் ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு எண், 80 முதல் 1600 வரை அமைக்கத்தக்கது என விளம்பரத்திற் கூறப்படினும், அவ்வெல்லை முழுவதும் சமமாகப் பயன்படுவதன்று. 80 முதல் 200 வரை படம் தூயதாயிருக்கும்; 400 இல் மணற்றன்மை தோன்றும்; 800 க்கு மேல் நுண்விவரங்கள் கெடும். நண்பகல் வெளியிற் செம்மையாகப் படமெடுக்கும் இக்கமரா, விளக்கொளி மட்டுமே உள்ள கோயில் மண்டபத்தில் இடர்ப்படுவது இயல்பே. அது பழுதன்று, எல்லை. எல்லையை அறிந்தவன் ஏமாற்றம் அடைவதில்லை.

அடுத்து வில்லை. இதன் குவியத் தூரம் 5.8 மில்லிமீற்றர் முதல் 23.2 மில்லிமீற்றர் வரை மாறும். 35 மில்லிமீற்றர்ச் சுருட் கமராவின் கணக்கில் இது 35 முதல் 140 வரைக்குச் சமம். நான்கு மடங்கு அண்மையாக்கும் இவ்வசதி, ஊர்க்காட்சிக்கும் முகப்படத்துக்கும் ஒருங்கே உதவும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. சூம் எனப்படும் இவ்வமைப்பை முற்ற நீட்டும்போது எஃப் எண் 2.6 இலிருந்து 5.5 ஆக உயர்ந்துவிடும். அப்போது ஒளியுணரியை அடையும் ஒளிச்செறிவு நான்கரை மடங்கு குறைகின்றது. மங்கிய ஒளியில் நின்ற இடத்திலிருந்தே பொருளை அண்மையாக்குவதினும், இரண்டடி முன்னே செல்வதே சிறந்தது என்னும் பாடத்தை இது கற்பிக்கின்றது. இனி, இலக்கமுறைச் சூம் என ஒன்று கூறப்படும். அது வில்லையின் செயலன்று. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயாகும். அதனைக் கணினியிற் பின்னர் செய்துகொள்ளலாம். மதிப்பீட்டில் அதற்கு யாதோர் இடமும் இல்லை.

பெயரின் இறுதியிலுள்ள ஐஎஸ் என்னும் எழுத்துக்கள் கைநடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பைக் குறிப்பன. கை அசையுந்தோறும் வில்லையின் ஒரு பகுதி எதிர்த்திசையில் நகர்ந்து படத்தை நிலைநிறுத்தும். சுருட் கமராக் கணக்கில் 140 மில்லிமீற்றர்க் குவியத் தூரத்துக்கு, 1/140 விநாடியினும் குறைந்த நேரத்திற் படம் எடுக்கப்படல் வேண்டும் என்பது பழைய விதி. நடுக்கத் தணிப்பு இருப்பின், ஏறத்தாழ 1/30 விநாடியிலும் தெளிவான படம் பெறுதல் கூடும். நிலையான பொருள்களைப் பொறுத்தவரை இது பெரும்பேறு. எனினும் அசைவது கையன்றிப் பொருளாயின் இவ்வமைப்பு உதவாது. ஓடும் குழந்தையை அது நிறுத்தாது. இவ்வேறுபாடு அறியாதார் பலர் கமராவைக் குறைகூறுகின்றனர்.

சிறிய ஒளியுணரிக்கு ஒரு நன்மையும் உண்டு. குவியத் தூரம் குறுகியதாதலின், அண்மையிலும் சேய்மையிலும் உள்ள பொருள்கள் ஒருங்கே தெளிவாக விழும். வில்லையை அகன்ற நிலையில் வைத்து, 2.6 மீற்றர்த் தூரத்தைக் குறித்தால், துவாரம் முற்றத் திறந்திருக்கும்போதே ஏறத்தாழ 1.3 மீற்றர் முதல் அடிவானம் வரை யாவும் தெளிவாயிருக்கும். அதே பார்வைக் கோணமும் அதே எஃப் எண்ணும் கொண்ட சுருட் கமராவில் தெளிவு தொடங்குவது ஏறத்தாழ 8 மீற்றருக்கு அப்பாலேயாம். ஆகவே தொடக்கநிலையாளன் குவியத்திற் பிழைவிடும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இந்நன்மையே மறுபுறத்திற் குறையுமாகின்றது. முகத்தை மட்டும் தெளிவாக்கிப் பின்னணியை மங்கலாக்கும் அழகிய முறை இக்கமராவுக்கு எளிதிற் கைகூடாது. துவாரத்தின் மாற்றத்தாற் தெளிவின் ஆழம் மாறுவதைக் கற்க விரும்புவோர், மிக அண்மையிலுள்ள ஒரு பூவையோ நாணயத்தையோ எடுத்தாலன்றி வேறுபாட்டைக் காண்டல் அரிது.

இனி, இக்கமராவின் தலையாய சிறப்பை நோக்குவோம். ஷட்டர் எனப்படும் மூடுதிரை திறந்திருக்கும் நேரம், துவாரத்தின் அளவு, ஒளியுணர்வு எண் ஆகிய மூன்றும் ஒரு படத்தின் ஒளியளவைத் தீர்மானிப்பன. மலிவான சிறு கமராக்கள் பல, இம்மூன்றையும் தாமே தெரிந்துகொள்வன; எடுப்பவன் பொத்தானை அழுத்துவதோடு நின்றுவிட வேண்டும். ஏ590 அத்தகையதன்று. யாவற்றையும் கமராவிடமே விடலாம். நேரத்தை மட்டும் தானே குறித்துத் துவாரத்தைக் கமராவிடம் விடலாம். துவாரத்தைக் குறித்து நேரத்தை விடலாம். இரண்டையும் தானே குறிக்கலாம். நேரத்தை 15 விநாடி முதல் 1/2000 விநாடி வரை மாற்றலாம். 180 டொலர் விலைக்கு இவ்வுரிமையை அளித்தமையே இதன் மதிப்பு.

இதன் பயனை ஓர் எளிய பயிற்சியால் விளக்கலாம். மாலை வேளையில் நிழலான இடத்தில் ஒழுகும் குழாய்நீரை எடுத்துக்கொள்க. கமராவை அசையாத மேடையொன்றின்மீது வைத்து, எஃப் 8, ஒளியுணர்வு எண் 80, நேரம் 1/4 விநாடி என அமைத்து ஒரு படம் எடுக்கலாம். பின்னர் அதே ஒளியில், எஃப் 2.6, ஒளியுணர்வு எண் 400, நேரம் ஏறத்தாழ 1/200 விநாடி என மாற்றி மற்றொரு படம் எடுக்கலாம். இரு படங்களின் பிரகாசமும் ஒன்றேயாக இருக்கும். ஆனால் முதற்படத்தில் நீர் வெண்பட்டு நூல்போல் ஒன்றாகித் தோன்றும். இரண்டாவதில் ஒழுக்கின் நெளிவும் சிதறலும் வெவ்வேறாகப் புலப்படும். முதற்படம் தூயது, இரண்டாவதில் மணற்றன்மை சற்றுண்டு. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்னும் ஒளிப்படக் கலையின் அடிப்படை, நூல் பல படித்தாலும் இவ்விரு படங்கள் காட்டும் அளவுக்குத் தெளிவாகாது. மேலும், ஒவ்வொரு படத்தோடும் நேரம், துவாரம், உணர்வு எண் ஆகியன தாமாகவே பதிவாகிவிடுகின்றன. ஒன்றை மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்து விளைவை நோக்குதல் அறிவியல் ஆய்வுகூடத்தின் முறை. அம்முறையைச் சட்டைப்பைக்குள் அடங்கும் கருவியொன்று கற்பிக்கின்றது.

ஏனைய உறுப்புக்களையும் சுருக்கமாக நோக்கலாம். இரண்டரை அங்குலத் திரைக்கு மேலே, கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரமும் இதில் உண்டு. வெயிலில் திரை தெளிவாகப் புலப்படாதபோது அது கைகொடுக்கும். முகத்தோடு அணைத்துப் பிடிப்பதாற் கைநடுக்கமும் குறையும். ஆனால் சாளரம் காட்டுவதினும் கூடுதலான பரப்பே படத்தில் விழும். அண்மைப் படங்களில் சாளரத்தின் பார்வையும் வில்லையின் பார்வையும் ஒத்திருப்பதில்லை. மின்வலுவுக்கு எந்தச் சிறு கடையிலும் கிடைக்கும் ஏஏ வகை மின்கலங்கள் இரண்டு போதும். தனக்கென்றே செய்யப்பட்ட மின்கலத்தை வேண்டும் பழைய கமராக்கள் பல, அம்மின்கலம் கிடைக்காமையாற் பயனற்றுப் போக, இது இன்றும் இயங்குவதற்கு இதுவே காரணம். எனினும் மின்னொளியைப் பயன்படுத்திய பின், அடுத்த மின்னொளிக்குச் சில விநாடிகள் காத்திருத்தல் வேண்டும். அம்மின்னொளியும் வில்லைக்கு மிக அருகே அமைந்திருப்பதால், கண்ணின் உட்புறத்திற் பட்ட ஒளி நேரே திரும்பிவந்து கண்மணியைச் சிவப்பாகக் காட்டுவதுண்டு. பொத்தானை அழுத்துவதற்கும் படம் பதிவதற்குமிடையே சிறு தாமதம் உண்டு. பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தை முன்னரே நிலைப்படுத்திக் காத்திருந்தால் அத்தாமதம் பெரிதும் குறையும். படங்கள் ஜேபெக் வடிவிலேயே சேமிக்கப்படுகின்றன. ஆதலின் ஒளியளவிலும் நிறச் சமநிலையிலும் நேர்ந்த பிழைகளைப் பின்னர் முற்றாகத் திருத்த முடியாது. எடுக்கும்போதே செம்மையாக எடுக்கும் பழக்கத்தை இக்குறை வற்புறுத்துகின்றது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் இயல்பு. கைப்பேசியிலேயே நல்ல கமரா அமைந்துவிட்ட இக்காலத்தில், இத்தகைய தனிக் கருவி எதற்கு? தடை வலியதே. யப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி, 2010 ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட இலக்கமுறைக் கமராக்கள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை வில்லை மாற்ற முடியாத சிறு கமராக்கள். 2023 ஆம் ஆண்டில் மொத்தத் தொகை 80 இலட்சத்திலும் குறைந்துவிட்டது. இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணம் கைப்பேசியே. இன்றைய கைப்பேசி ஒரே கணத்திற் பல படங்களை எடுத்து, கணிப்பின் உதவியால் அவற்றை ஒன்றாக இணைத்து, மணற்றன்மையைப் போக்கி, இருளிலும் தெளிவான படத்தைத் தருகின்றது. படத்தின் தரத்தை மட்டும் நோக்கினால், இருண்ட இடங்களில் ஏ590 அதனோடு போட்டியிட இயலாது. இதனை ஒப்புக்கொள்ளாத மதிப்பீடு நேர்மையானதன்று.

ஆனால் படம் பெறுதல் வேறு, படமெடுக்கக் கற்றல் வேறு. கைப்பேசி தான் செய்வதைச் சொல்லிச் செய்வதில்லை. படம் நன்றாயினும் ஏன் நன்றாயிற்று என்பது பயில்வோனுக்கு விளங்குவதில்லை. தீதாயினும் எதனை மாற்றுவது என்பது தெரிவதில்லை. பெரும்பாலான கைப்பேசி வில்லைகளின் துவாரம் மாறாதது. ஆதலின் மூன்றில் ஒரு பாடம் அங்கே கிடைப்பதேயில்லை. கணக்கைச் செய்து விடையை மட்டும் தரும் பொறி, விடை வேண்டுவோனுக்கு நன்று. கணக்குக் கற்போனுக்கு அது போதாது. ஏ590 போன்ற கமரா, விடையைச் சிறிது பிழையாகத் தரினும் வழியை மறைப்பதில்லை. பயில்வோர்க்கு அதன் மதிப்பு இதிலேயே தங்கியுள்ளது.

கருவியின் எல்லை கலையின் எல்லையாக வேண்டியதில்லை என்பதற்கு, ஒளிப்பட வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டலாம். ஜூலியா மார்கிறெற் கமெரன் என்னும் அம்மையார், 1863 ஆம் ஆண்டில், தம் 48 ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த கமராவைக்கொண்டே இக்கலையைத் தொடங்கினார். நிலக்கரி வைத்திருந்த அறை அவருடைய இருட்டறையாயிற்று. கோழிக்கூண்டு கண்ணாடிப் படப்பிடிப்பறையாக மாறிற்று. அவர் கையாண்ட ஈரத்தகட்டு முறையில் ஒரு படத்துக்கு அமர்பவர் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. அவருடைய படங்கள் தெளிவற்றன என அக்காலத்தார் சிலர் இகழ்ந்தனர். எனினும் முகத்தில் ஒளி வீழும் இடத்தையும் அதன் மென்மையையும் அவர் கண்டறிந்த திறம், அப்படங்களை இன்றும் உலகம் போற்றும் உருவப்படங்களாக்கிற்று. 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அவர், இங்கும் தோட்டத் தொழிலாளர் முதலியோரைப் படமெடுத்து, 1879 இல் இந்நாட்டிலேயே காலமானார். கருவி முழுமையடையும்வரை அவர் காத்திருந்தாரல்லர். கையிலிருந்த கருவியின் போக்கை அறிந்து, அதற்கேற்பத் தம் பார்வையைப் பழக்கினார்.

கைமாறிய கமராவை வாங்க முனைவோர் சிலவற்றைச் சோதித்தறிதல் நன்று. வில்லை தடையின்றி நீண்டு சுருங்குகின்றதா என நோக்குக. துவாரத்தைச் சுருக்கி வெண்சுவரைப் படமெடுத்தால், உள்ளே படிந்த தூசி கரும்புள்ளிகளாகத் தோன்றும். வில்லையை மூடி நீண்ட நேரம் பதிவுசெய்தால், பழுதுற்ற படப்புள்ளிகள் ஒளிப்பொட்டுகளாகத் தெரியும். மின்கலம் வைக்கும் அறையில் கசிந்த படிவு உண்டா எனவும், மூடி இறுகப் பொருந்துகின்றதா எனவும் காணல் வேண்டும். மிகப் பழைய கமராக்கள் சில 2 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவட்டைகளை ஏற்பதில்லை. அதனையும் விசாரித்தல் வேண்டும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பயில்வோர்க்குரிய கமராவை மதிப்பிடும் வரிசைமுறை தெளிவாகின்றது. நேரம், துவாரம், ஒளியுணர்வு ஆகிய மூன்றும் எடுப்பவன் கையில் விடப்பட்டுள்ளனவா என்பது முதல் வினா. ஒளியுணரியின் பரப்பும் வில்லையின் திறப்பும் எத்துணை என்பது இரண்டாவது. நடுக்கத் தணிப்பு உண்டா என்பது மூன்றாவது. பார்க்கும் சாளரம், எளிதிற் கிடைக்கும் மின்கலம், கைக்கு இசைந்த பிடி என்பன அடுத்து வருவன. படப்புள்ளிகளின் தொகை இறுதியில் நோக்கத்தக்கது. கடைகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, கடைசியில் வரவேண்டியதை முதலில் நிறுத்தின. வாங்குவோரும் அதனையே நம்பினர். இவ்வளவுகோலால் அளக்குமிடத்து, ஏ590 ஐஎஸ் பகலொளியிற் சிறந்த படம் தருவது, இருளில் தளர்வது, பின்னணியை மங்கலாக்க வல்லதன்று, கற்பிப்பதிற் குறைவற்றது என்பதே நடுநிலையான தீர்ப்பாகும்.

பயில்வோன் இக்கமராவை ஒருநாள் கடந்து செல்வான். பெரிய ஒளியுணரியும் அகன்ற துவாரமும் அவனுக்குத் தேவைப்படும் நாள் வரும். அந்நாளில் தனக்கு வேண்டியது எது, ஏன் வேண்டும் என அவனே சொல்ல வல்லவனாயின், முதற் கமரா தன் கடமையைச் செவ்வனே செய்ததாகும்.